வந்ததும் ஒரு வார்த்தை

கண் விழித்ததும் என் கணவர் தனபால் என்னைப் பார்த்து, "சிஸ்டர், இது எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டார்.

பொட்டி படுத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது. அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு இல்லை. இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. பேட்டரியை மாற்றணும் மாற்றணும் என்று தனபால் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தார்.

"சின்ன ஆக்ஸிடென்ட்டுங்க சார். தலையில லேசா அடி. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றேன். பிசியோதெரபிஸ்டாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த வாக்கியம் தூக்கத்தில்கூட வரும். சொந்தப் புருஷனிடம் சொல்ல வேண்டி வரும் என்று யார் கண்டது?

"ஜமுனா எங்கீங்க?"

"வந்துட்டிருக்காங்க."

ஜமுனா அவருடைய முதல் மனைவி. பதினோரு வருடங்களுக்கு முன்னால் வாளையார் தாண்டி, தனபால் ஓட்டிய காரில், அவர் பக்கத்து இருக்கையிலேயே இறந்துபோனவள். தனபால் பிழைத்தார். ஆனால் அன்றோடு மூளை புதிதாக எதையும் சேர்த்துவைப்பதை நிறுத்திவிட்டது. பழையதெல்லாம் பத்திரம். புதியது அன்றைய பொழுது மட்டும் நிற்கும், தூங்கி எழுந்தால் துடைத்துவிட்டாற்போல் போய்விடும். தினமும் காலையில் அந்தக் காரிலிருந்துதான் இறங்கி வருவார்.

அதற்குத்தான் பொட்டி. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சில்லு. பகலில் நடப்பதை எல்லாம் அது பொட்டிக்கு அனுப்பும், பொட்டி அதை வைத்துக்கொண்டு வேண்டும்போது மூளைக்கு ஊட்டும். ஆரம்பத்தில் இந்த நினைவுகள் எல்லாம் இதை விற்ற நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. இலவசம் என்றார்கள். ஒரு நாள் தனபால் கடைவீதிக்குப் போய் ஒரு மிக்ஸி வாங்கி வந்தார். "எங்கம்மாவுக்கு இந்தக் கம்பெனி மிக்ஸின்னா உசுரு" என்றார். மிக்ஸி சத்தத்துக்குப் பயந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிற அம்மா அவருக்கு! பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நினைவுகளுக்கு நடுவே விளம்பரக்காரர்களுக்கு இடம் விற்றிருக்கிறார்கள்.

கேஸ் நடந்தது, நிறுவனம் கடையைக் கட்டியது. சில்லு வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து, தாங்களே மென்பொருள் எழுதிக்கொண்டார்கள். தனபால் தன் நினைவுகளை ஒரு சாதாரண லினக்ஸ் மடிக்கணினிக்கு மாற்றி, டிஸ்க் முழுவதையும் பூட்டினார். அதுதான் இந்தப் பொட்டி. கடவுச்சொல் போட்டால்தான் இயந்திரம் எழுந்திருக்கவே எழுந்திருக்கும். வங்கியில் கணினிப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். பெண்டாட்டியிடம்கூட கடவுச்சொல்லைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பெண்டாட்டி என்றால் நான்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். ஆஸ்பத்திரியில் அவர் கையைக் காலை நீட்டி மடக்கிப் பழக்கியவள் நான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவளை இவர்தான் மாற்றினார். அந்த ஆறு வருடமும் பொட்டிக்குள் இருக்கிறது. பொட்டி திறக்காவிட்டால் இந்த மனிதருக்கு சுகன்யா என்று ஒருத்தி கிடையாது.

அவர் பல் துலக்கும் நேரத்தில் சுவரிலிருந்த கல்யாண போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். தன் நரைத்த தலையைப் பார்த்து மிரள வேண்டாமே என்று பீரோக் கண்ணாடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். பிறகு பொட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், சங்கத்தின் நஸ்ரினைப் போனில் கூப்பிட்டேன். உடுமலைக்காரி. அவளுடைய தம்பி தலையிலும் இதே சில்லு.

"திரையில என்னக்கா தெரியுது?"

"கறுப்பா இருக்கு. வெள்ளை எழுத்துல நாலஞ்சு வரி. கடைசியில பேனிக்னு போட்டிருக்கு."

"பயந்துக்காதீங்க."

"அதுவே பயந்துட்டேன்னு சொல்லுது. நான் பயப்படாம இருக்க முடியுமா?"

சிரித்தாள். "கெர்னல்னு ஒண்ணு இருக்குக்கா. மெஷின்ல மொதல்ல எந்திரிக்கறது அதான். அது எந்திரிச்சுத்தான் மத்ததையெல்லாம் எழுப்பும். சமீபத்துல அப்டேட் ஏதாவது பண்ணுனாரா?"

"போன ஞாயித்துக்கிழமை என்னவோ பண்ணிட்டிருந்தாரு."

"அப்ப புதுசு வந்திருக்கு, ஆனா முழுசா எறங்கல. இத்தன நாளும் மெஷின அணைக்காததால தெரியல. பழசும் உள்ளதான் இருக்கும். அணைச்சுப் போடுங்க. போட்ட உடனே எஸ்கேப் பட்டனை விடாம தட்டுங்க."

தட்டினேன். ஒரு பட்டியல் வந்தது. அவள் சொன்னபடி கீழே இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடின. எனக்கு உயிரே வந்தது. ஓடியது சட்டென்று நின்றது.

"கட்டம் கட்டமா வருது நஸ்ரின். நாலு வரிக்கு வெறும் கட்டம். அதுக்குக் கீழ ஒரு கோடு கண்ணச் சிமிட்டிட்டு இருக்குது."

"அதான் பூட்டு. கடவுச்சொல் கேக்குது. தெரியுங்களா?"

"தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? ஒடைக்க முடியாதா?"

"முடியாதுக்கா. ஒடைக்க முடிஞ்சா அந்த மிக்ஸிக் கும்பலும் ஒடச்சிருக்கும். அதுக்குப் பயந்துதான இவ்வளவும் பண்ணோம்."

"அவருகிட்டயே கேட்டுப் பாக்கட்டுமா?"

"அவரு இப்ப எந்த வருசத்துல இருக்காரு?"

எனக்குப் பதில் தெரியும். அந்த வருடத்தில் இந்தப் பொட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. பூட்டியவர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார், சாவி எது என்றே தெரியாத ஒருவர் வெளியே கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். பதினோரு வருட நினைவைப் பூட்டி, சாவியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டாரா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எத்தனை கட்டம், எவ்வளவு நீளம் என்று நஸ்ரின் விசாரித்தாள். பிறகு, "அக்கா, அந்தக் கட்டமெல்லாம் தமிழ் எழுத்தா இருக்கும்," என்றாள். "பூட்டுக்கு மேல அவரு என்னவோ எழுதி வெச்சிருக்காரு. எந்திரிக்கற அந்த நேரத்துல மெஷினுக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது. எல்லாத்தையும் கட்டமாத்தான் காட்டும். மெஷின் முழுசா எழுந்தப்பறம் பாத்திருப்பாரு, அழகா தெரிஞ்சிருக்கும். விட்டுட்டாரு."

"அத எப்படிப் படிக்கறது?"

"பூட்டுக்கு வெளிய ஒரு சின்ன எடம் இருக்கு. கெர்னல் எல்லாம் அங்கதான் இருக்கும். அங்க பூட்டு கெடையாது. வேற பென்டிரைவ்ல எழுப்பி உள்ள போய்ப் பாத்தரலாம்."

அவர் மேசை இழுப்பறையில் 'அவசரம்' என்று ஒட்டிய பென்டிரைவ் ஒன்று இருந்தது. அதைச் செருகி எழுப்பியதும் நஸ்ரின் இணையம் வழியாகத் தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் கத்தினாள்.

"நூறு சதவீதம் நெறஞ்சிருக்கு! இதென்னக்கா, எழுத்துருக் கடையா வெச்சிருக்காரு? அம்பது அறுபது தமிழ் ஃபான்ட் கெடக்கு. கல்யாணப் பத்திரிகை அடிக்கற எழுத்துரு எல்லாம் இருக்கு!"

கட்டம் கட்டமாக வருகிறது என்று என்றோ அவர் கண்டுபிடித்திருக்கிறார். தன்னிடமிருந்த எழுத்துரு அத்தனையையும் அந்தச் சின்ன இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். புதுக் கெர்னலுக்கு உட்காரவே இடமில்லை. பொட்டி எழுந்திருக்காமல் போனால் உதவட்டும் என்று எழுதி வைத்ததுதான் பொட்டியை எழவிடாமல் செய்திருக்கிறது. தனபால் செய்கிற காரியம்தான். ஒரு ஆணி அடிக்க நான்கு ஓட்டை போடுகிற ஆள்.

"படிக்கட்டுமாக்கா? சொந்த விசயமாட்டம் இருக்குது."

"படி."

நஸ்ரின் மெதுவாகப் படித்தாள்.

"தனபாலா, இது உன் பெட்டிதான். காரில் ஜமுனா கடைசியாக உன்னிடம் என்ன சொன்னாள்? அதை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டு. சுகன்யா, நீ பக்கத்தில் இருந்தால் அவனை அவசரப்படுத்தாதே. அவனுக்கு அவள் இன்னும் இருக்கிறாள்."

குக்கர் விசில் அடித்தது. அதை அணைக்க எழுந்திருக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

யோசித்துத்தான் செய்திருக்கிறார். பூட்டின் முன்னால் வந்து நிற்கப்போகிறவன் அன்றைக்குக் காரிலிருந்த தனபால். அவனுக்கு எது மறக்காது? கடைசியாகக் காதில் விழுந்தது மறக்காது. அது கடைசி வார்த்தை என்று அவனுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் என் வீட்டுச் சாவியைக் கொண்டுபோய் ஜமுனாவின் வாயில் வைத்திருக்கிறாரே என்று எனக்கு அழுகையாக வந்தது. செத்தவளிடம் பொறாமைப்படக் கூடாதுதான். பட்டேன்.

"அவரையே அடிக்கச் சொல்லுங்கக்கா. நீங்க அடிச்சா நாலு எழுத்து முன்ன பின்ன போயிரும்," என்றாள் நஸ்ரின். "இன்னிக்கே பண்ணிருங்க. பொட்டி இல்லாம அந்தச் சில்லு சும்மா தகரம். இன்னிக்கு நடக்கறது எதுவும் எங்கயும் பதிவாகாது. தூங்கி எந்திரிச்சா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

மத்தியானம் சாப்பாடு போட்டேன். அவர் தட்டைத் தொடவில்லை.

"நீங்களும் போட்டுக்குங்க சிஸ்டர். ஒருத்தர நிக்க வெச்சுட்டு சாப்பிட்டா எனக்கு எறங்காது."

ஆறு வருடமாக நான் பரிமாறிவிட்டுத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அவருக்கும் அது பழகிப்போனது. எதிரே உட்கார்ந்து போட்டுக்கொண்டேன்.

"பீர்க்கங்காய்க் கூட்டு நல்லா இருக்குங்க. ஜமுனா இதுல தேங்காய இவ்வளவு போட மாட்டா. எனக்கு அப்படியே பழகிருச்சு," என்று சிரித்தார். என் தேங்காயைப் பற்றி அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தனை நாளும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார் போலிருக்கிறது.

பிறகு ஜமுனாவைப் பற்றியே பேசினார். அவள் வண்டி ஓட்டப் பழகி வாய்க்காலில் இறக்கியது, வங்கி விழாவில் மேனேஜரை வாட்ச்மேன் என்று நினைத்து வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். என் தனபால் அவளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், பாதியில் நிறுத்திவிடுவார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிருக்காருங்க."

"எப்ப வர்றாரு?"

"தெரியலீங்க. இன்னிக்கு வந்தரணும்."

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"கெடைக்க மாட்டேங்குதுங்க." எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.

நான் திரும்பி வரும்வரை அவர் சாப்பிடாமல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மழைக் காலமுங்க. வழியில டவர் கெடைக்காது. நல்லபடியா வந்துருவாரு. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க சிஸ்டர்." பிறகு சுவரைப் பார்த்தார். "இங்க என்னமோ மாட்டியிருந்துச்சாட்டம் இருக்குது. சுண்ணாம்பு வெளுப்பா தெரியுது."

"காலண்டருங்க," என்றேன்.

சாயங்காலம் வரை நான் எதுவும் செய்யவில்லை. பொட்டியை மறுபடி பழைய கெர்னலில் எழுப்பி, கட்டங்கள் தெரியும்படி மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாசல் கேட் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவர் எட்டிப் பார்த்தார். ஜமுனாவைத்தான் தேடினார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவளுக்காக எட்டிப் பார்க்க இனி ஆள் இருக்காது. கேட்காவிட்டால் தினமும் காலையில் "வந்துட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, காலம் முழுவதும் சிஸ்டராக இருந்துவிட்டுப் போகலாம். அப்படி இருப்பவர்களை எனக்குத் தெரியும். சங்கத்திலேயே இருக்கிறார்கள். பொட்டியை வேண்டுமென்றே எழுப்பாமல், மகனைப் பறிகொடுத்த ஒருத்திக்கு மகனைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. எனக்கு என் புருஷன் வேண்டும். என்னைச் சத்தம் போடுகிற, பேட்டரியை மாற்றாத, எனக்குத் தெரியாமல் எழுத்துரு சேர்த்துவைக்கிற அந்த ஆள் வேண்டும்.

"சார், ஒரு டெஸ்ட்டுங்க. டாக்டர் எடுக்கச் சொன்னாரு. கார்ல வரும்போது மேடம் கடைசியா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"இல்லாமயா? இப்பத்தான சொன்னா. கண்ணாடிய ஏத்துங்க, சாரல் அடிக்குதுன்னா. நான் ஏத்தல. சாரல் நல்லாத்தான இருக்குன்னேன்." சிரித்தார். "வந்ததும் திட்டுவா, பாருங்க."

"அவங்க சொன்னத மட்டும் இதுல அடிங்க சார். இங்கிலீஷ் எழுத்துல, எடைவெளி விடாம."

பொட்டியை மடியில் வாங்கிக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினார். நிறுத்தினார்.

"அடிக்கற எழுத்து தெரிய மாட்டேங்குதுங்களே. அப்படின்னா இது பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்துல ஆள் பாக்கக் கூடாதுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சுவரின் அந்த வெளுத்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் விசைகள் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன. கடைசியில் என்டர். கொஞ்ச நேரத்தில் பச்சை வெளிச்சம் சுவரில் லேசாக விழுந்தது.

நினைவு முழுக்க ஏற அரை மணி நேரமாவது ஆகும், படுத்துக்கொண்டால் நல்லது என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். படுக்கச் சொன்னேன். நல்ல பிள்ளையாகப் படுத்தார். போர்வையை இழுத்துவிட்டேன்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"உங்க வீட்டுக்காரர் வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பிச் சொல்லுங்க. மத்தியானத்துலேர்ந்து மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"சொல்றேங்க," என்றேன்.

அவர் கண்ணை மூடினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்ன, என் புருஷனுக்காகக் கவலைப்பட்ட ஒரு மனிதர் அந்தத் தலைக்குள்ளிருந்து போய்க்கொண்டிருந்தார். அவர் ஒரே ஒரு பகல் இருந்தார். அவரைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இருட்டத் தொடங்கியபோது மூச்சு மாறியது. சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமே வராமல் அழுதார். அது ஜமுனாவுக்கு. நான் முதுகில் கையை வைத்தேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் வைத்திருந்தேன், அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்வார் என்று தெரியாத காலத்தில்.

ரொம்ப நேரம் கழித்து, "சுகன்யா, லைட்டப் போடு," என்றார்.

போட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எப்ப போச்சு?"

"ராத்திரி கரன்ட் போயிருக்கு. காலைலேர்ந்து."

"எழுதி வெச்சதப் படிச்சியா?"

"படிச்சேன். நீங்க எழுதுனது கட்டம் கட்டமாத்தான் வந்துச்சு. நஸ்ரின்தான் எடுத்துக் குடுத்தா."

"கட்டமாவா? இன்னுமா?" அதில்தான் அவருக்குப் பெரிய வருத்தம். பிறகு மெதுவாக, "அவசரப்படுத்துனியா?" என்றார்.

"இல்லீங்க."

"நான் ஏதாவது கஷ்டப்படுத்திட்டனா? என்ன பேசுனேன்?"

"கூட்டுல தேங்கா ஜாஸ்தின்னீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ச்சே, அவன் ஒரு மடையன். நீ எப்பவும் போல போடு," என்றார். கட்டிலுக்கடியிலிருந்து போட்டோவை எடுத்துத் தானே மாட்டினார். மாட்டிவிட்டுச் சாய்வாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார்.

நஸ்ரின் மறுபடி கூப்பிட்டு அவரை நன்றாகத் திட்டினாள். எழுத்துரு அத்தனையையும் அழித்தாள், புதுக் கெர்னலை முழுதாக உட்கார வைத்தாள், எழுதி வைத்ததை ஆங்கில எழுத்துக்கு மாற்றினாள். "இன்னொண்ணு சார். ஒரு பூட்டுக்கு எட்டுச் சாவி வரைக்கும் போடலாம். நீங்க ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கீங்க. அக்காவுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. அடுத்த தடவ அவங்களே தொறந்துக்குவாங்க."

தனபால் பொட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீயே போடு. என்னன்னு எங்கிட்டயும் சொல்லாத." சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், போட்டோ இருந்த சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

புதிய சாவியைக் கேட்டு அந்தக் கோடு கண் சிமிட்டியது. என்ன போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஒருவருக்கு ஒரு வார்த்தை சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். தூங்கினாலும் எழுப்பிச் சொல்லச் சொன்னார். இனி எங்கே போய் எழுப்புவது?

ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டினேன். அவர் வந்துட்டாருங்க.

சரிபார்ப்பதற்கு மறுபடியும் ஒரு முறை தட்டச் சொன்னது. மறுபடியும் சொன்னேன்.